காலை ஐந்தரையிலிருந்து நள்ளிரவு வரை: எங்கள் பினாங்கு வட்டார வானொலியை ஒரு சனிக்கிழமை முழுக்கக் கேட்டேன்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தையல்கடைக்காரிக்குக் கண்ணும் கையும் துணியில்தான் இருக்கும். டிவி பார்க்க முடியாது, போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கவும் முடியாது, காது ஒன்றுதான் காலியாக இருக்கும். அந்தக் காதுக்கு ஒன்றரை வருடமாகத் துணை, எங்கள் ஊரில் சில பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன இணைய வானொலி. பெயரைப் போடவில்லை. குறை சிலவற்றை உடைத்துச் சொல்லப் போகிறேன், நடத்துகிறவர்களோ சம்பளம் வாங்காமல் தங்கள் வேலை முடிந்து வந்து மைக் முன்னால் உட்காருகிறவர்கள், அவர்களைச் சந்திக்கு இழுக்க எனக்கு மனமில்லை. ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று சீக்கிரமே புரிந்துவிடும்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. கடையில் முப்பத்திரண்டு பிளவுஸ் நிலுவையில் இருந்தது, உதவிக்கு வரும் பெண்ணும் லீவு. எப்படியும் ராத்திரி வரை மெஷினை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை, அதனால் இன்றைக்கு நிலையத்தை மாற்றாமல், நிறுத்தாமல் முழு நாளும் கேட்டுவிடலாம் என்று முடிவு பண்ணி ஐந்தரைக்கே ஸ்பீக்கரை வெட்டுமேசையில் வைத்தேன்.

முதலில் பக்திப் பாடல்கள். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா நிலையங்களிலும் வருகிற அதே பாடல்கள்தான். ஆனால் ஆறு மணிக்கு ஓர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் வந்து பத்து நிமிடம் பேசுகிறார், அது நல்ல பத்து நிமிடம். அன்றைக்குப் புரட்டாசி விரதத்தைப் பற்றிப் பேசினார். சைவம் சாப்பிடுவதைப் பெருமையாகச் சொல்லி முடித்துவிடாமல், வயதானவர்களும் இனிப்புநீர்க்காரர்களும் (நீரிழிவு உள்ளவர்களும்) வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு விரதம் இருக்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள் என்று சொன்னார். கோவில் விஷயம் பேசுகிறவர் இதையும் சேர்த்துச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

ஏழு மணிக்கு ஊர்ச் செய்தி. இதுதான் இந்த வானொலியின் முதுகெலும்பு. பாலத்தில் நெரிசலா, ஜெலுத்தோங் அதிவேகச்சாலை எப்படி இருக்கிறது, பட்டர்வொர்த் ஃபெரி நேரத்துக்குப் போகிறதா, எந்தத் தாமானில் (குடியிருப்பில்) தண்ணீர் நிறுத்தம், எல்லாம் கால் மணி நேரத்தில் வந்துவிடும். மழை பிடித்துவிட்டால் எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கேட்கிறவர்களே அழைத்துச் சொல்வார்கள், ஜாலான் பி.ரம்லி பக்கம் என்றால் அந்தப் பக்கத்து ஆள் யாராவது வாசலில் நின்றுகொண்டே பேசுவார். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, மழை என்றால் எங்களுக்கு இன்னும் வயிறு கலங்கும். தேசிய அளவில் நடக்கும் தமிழ் வானொலிகள் இதை எங்களுக்குச் செய்ய முடியாது. அவை கோலாலம்பூரிலிருந்து நாடு முழுவதற்கும் பேச வேண்டியவை. மலேசிய அரசாங்க ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம்மை நானும் கேட்கிறேன், அது வானொலி ஆறு என்று இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஓடுகிறது, அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆயர் ஈத்தாமில் எந்த லோரோங்கில் (சந்தில்) மரம் விழுந்தது என்று அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்?

ஏழு இருபதுக்கு மரண அறிவிப்பு. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு மாதிரியாக இருக்கலாம், காலங்காத்தாலே சாவுச் செய்தியா என்று என் தங்கையே கேட்டிருக்கிறாள். எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் மிக முக்கியமான ஐந்து நிமிடம். பின்னணி இசை கிடையாது. இறந்தவர் பெயர், வயது, எந்தத் தோட்டத்தில் பிறந்தவர் அல்லது எங்கே வேலை செய்தவர், வீட்டு எண், லோரோங், நல்லுடல் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கப்படும், மின்சுடலைக்கா இடுகாட்டுக்கா. எல்லாவற்றையும் நிதானமாக வாசித்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பார்கள். பேனா எடுக்க நேரம் கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் இதற்குப் பத்திரிகைதான், 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்ற பிறகு என் மாமியார் ஒரு வாரம் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார், அவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அன்று வாசித்ததில் இரண்டாவது பெயர் எனக்குத் தெரிந்தது. பதினாறு வருடமாக என்னிடம் தைக்கக் கொடுக்கும் அம்மா, கெலுகோர் பக்கம். அவருடைய தீபாவளி பிளவுஸ் அப்போது என் மெஷினில்தான் இருந்தது, அரக்குக் கலர், கை மட்டும் வைக்க வேண்டியிருந்தது. வீட்டு எண்ணை வாசித்தபோதும் நம்பவில்லை, இரண்டாம் முறை வாசித்தபோதுதான் கால் பெடலிலிருந்து இறங்கியது. அந்த இரண்டாம் முறை இல்லாமல் போயிருந்தால் நான் வேறு யாரோ என்று விட்டிருப்பேன். கையை வைத்து, கொக்கி தைத்து, இஸ்திரி போட்டு, மதியம் பன்னிரண்டுக்குள் அவர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவருக்குக் கட்டிய சேலையோடு போட்டார்கள். இடையில் ஒரு மணி நேரம் நான் வானொலி கேட்கவில்லை, அதை முழு நாள் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒலியின் தரம். எஃப்எம் அலைவரிசை இல்லை, ஆப் வழியாகத்தான் வரும், அதனால் பழைய டிரான்சிஸ்டரில் பிடிக்க முடியாது. சத்தம் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் இணையம் இழுத்தால் நடு வாக்கியத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொரு வேடிக்கையான விஷயம், இணைய வானொலி எல்லாருக்கும் ஒரே நொடியில் வராது. பக்கத்துப் பூக்கடை அக்காவும் இதைத்தான் கேட்கிறார், அவர் போனில் என்னுடையதைவிட ஏழெட்டு நொடி முன்னால் ஓடும். அவர் கடையில் சிரிப்பார், அப்புறம்தான் என் கடையில் ஜோக் வரும். லெபோ பாசாரை எங்கள் பெரியவர்கள் இன்னும் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள், அந்தக் கடைத்தெருவில் காலையில் நடந்து போனால் ஒரே குரல் நான்கைந்து கடையிலிருந்து முன்னும் பின்னுமாக வரும், தேவாரத்தைக் கூட்டமாகப் பாடுகிற மாதிரி ஒருவர் முடிக்கும் இடத்தில் இன்னொருவர் எடுப்பார்.

ஒன்பதிலிருந்து பத்து வரை வாழ்த்து நேரம், பிறந்தநாள், திருமணநாள், விருப்பப் பாடல். அழைக்கிறவர்களைவிட அறிவிப்பாளர் அதிகம் பேசுகிறார். சென்னை எஃப்எம் நிலையங்களில் பேசுவது போல மூச்சுவிடாமல் பேச வேண்டும் என்று அந்தத் தம்பிக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு நல்ல குரல், பட்டர்வொர்த் பையனின் இயல்பான தமிழ், ஆனால் மைக்கைத் திறந்ததும் அது காணாமல் போய் எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஒரு வேகம் வந்துவிடுகிறது. ஒரு பாட்டி பேரனுக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்து, பேரன் ஜொகூரில் வேலை செய்கிறான், மூன்று வருடமாக தீபாவளிக்கு வரவில்லை என்று ஆரம்பித்தார். தம்பி அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார். அந்தப் பாட்டியை இன்னும் ஒரு நிமிடம் பேச விட்டிருக்கலாம். தம்பி இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அக்கா உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

பதினொரு மணிக்கு மகளிர் நேரம். நான் பதினொன்றேகாலுக்குத்தான் எழவு வீட்டுக்குக் கிளம்பினேன், தொடக்கத்தைக் கடையிலும் மீதியைப் போகும் வழியில் காதில் மாட்டிக்கொண்டும் கேட்டேன். அரசாங்க கிளினிக்கில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) இனிப்புநீரைப் பற்றிப் பேசினார். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4, அதாவது ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இந்த எண்ணைச் சொல்லிவிட்டு அவர் பயமுறுத்தவில்லை. உடனே காலுக்கு வந்தார். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வையுங்கள், விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள், உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது என்றார். இன்சுலினை ஃபிரிஜ்ஜில் வைக்கலாம், ஆனால் ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்துவிட்டால் அது வீண். இது எனக்கே தெரியாது, எங்கள் மாமாவுடையதை அவர் வீட்டில் எங்கே வைக்கிறார்கள் என்று அன்றே போன் போட்டுக் கேட்டேன். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிதான் (ரிங்கிட்), அதைக் கட்டிவிட்டு ரத்தம் சோதித்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம் என்று கேட்டார். கேட்ட தொனி நம் வீட்டுப் பெரியம்மா கேட்கிற தொனி.

மதியச் செய்தி ஏமாற்றம். காலையில் ஊரைப் பற்றி அவ்வளவு நன்றாகச் சொன்னவர்கள் மதியம் தமிழ்நாட்டு அரசியலையும் நடிகர்கள் செய்தியையும் எங்கிருந்தோ எடுத்து அப்படியே வாசிக்கிறார்கள், இடையில் கோடிக்கணக்கு ரூபாய் என்று வருகிறது, அதை வெள்ளியில்கூடச் சொல்வதில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தை நிறுத்திவிட்டுக் காலைச் செய்தியையே மறுபடியும் வாசித்தால் போதும். இரண்டிலிருந்து நான்கு வரை பாடல்கள் மட்டும், ஆளில்லாமல் கணினி ஓட்டுகிறது. ஒரே பாட்டு இரண்டு முறை வந்தது, நகைக்கடை விளம்பரம் பதினோரு முறை. விளம்பரம் இல்லாமல் மின்சாரக் கட்டணம் கட்ட முடியாது என்று எனக்குத் தெரியும், கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் பதினொன்று அதிகம்.

ஒருமுறை நன்கொடை கொடுக்க நேரில் போயிருக்கிறேன். ஒரு பழைய கடைவீட்டின் மாடி, மரப்படி, ஏறும்போதே கீழே வறுக்கும் மசாலா வாசம் கூடவே வரும். அறை நம் வீட்டுச் சமையலறை அளவுதான். சுவரில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பழைய கம்பளமும் பஞ்சு மெத்தையும் அடித்திருந்தார்கள். ஏசி போட்டால் மைக்கில் இரைச்சல் விழுகிறது என்று பேசும்போது அணைத்துவிடுகிறார்கள். அதனால்தான் சில மதிய நேரங்களில் அறிவிப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசுவது போலவே நமக்குக் கேட்கும்.

நம் ஊருக்கு இது புது யோசனையும் இல்லை. 1934-லேயே பினாங்கு வயர்லெஸ் சங்கம் என்று ஆர்வலர்கள் சேர்ந்து இசட்-எச்-ஜே என்ற நிலையத்தைத் தொடங்கி மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று நான்கு மொழியில் ஒலிபரப்பினார்கள். ரேடியோ மலாயா வந்தது 1946-ல்தான். அதாவது ரேடியோ மலாயாவுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே இந்தத் தீவில் சங்கம் வைத்து நடத்திய வானொலியில் தமிழ் கேட்டிருக்கிறது. இந்தியாவில்கூடச் சமுதாய வானொலி என்று முறையாக அனுமதி வந்தது ரொம்பப் பிறகு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004-ல்தான் வந்தது, தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006-ல். ராமேஸ்வரம் போனபோது பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை வானொலியை, 90.4, வேன் டிரைவர் போட்டுவிட்டார். கடலைப் பற்றி, வலையைப் பற்றி, அவர்கள் பேச்சிலேயே பேசினார்கள், பாதி எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குப் புரிந்தால் போதும், அதற்குத்தான் அந்த வானொலி. எங்கள் நிலையத்துக்காரர்கள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நான்கு மணிக்குச் சிறுவர் நேரம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, வாரம் ஒரு பள்ளியிலிருந்து நான்கைந்து பிள்ளைகள் வருகிறார்கள். நாடகம், பாட்டு என்றெல்லாம் இல்லை, பிள்ளைகள் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், அதைப் பற்றிச் சொந்தமாக நான்கு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு நான்காம் ஆண்டு பையன் மழையைப் பற்றிய பத்தியை வாசித்தான். "மழை" வரும் இடத்திலெல்லாம் நின்றான். "மள..." என்று எடுத்து, தானே தப்பென்று தெரிந்து நிறுத்திக்கொண்டான். டீச்சர் குறுக்கிடவில்லை, அறிவிப்பாளரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நேரலையில் நான்கைந்து நொடி அமைதி என்றால் அது எவ்வளவு நீளம் என்று வானொலி கேட்கிறவர்களுக்குத் தெரியும். நான் இணையம் நின்றுவிட்டதோ என்று ஸ்பீக்கரைப் பார்த்தேன். பையன் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் "மழை" என்று சுத்தமாக வந்தது, பக்கத்துப் பூக்கடையில் ஏற்கெனவே கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், உங்கள் வீட்டில் மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அப்பா கிராப் மோட்டார் ஓட்டுகிறார், மழை பெய்தால் அம்மா ஜன்னலிலேயே நிற்பார் என்றான்.

காலை விருப்பப் பாடல் தம்பியை இந்த நிகழ்ச்சிக்கு ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு ஊர் வரலாறு, அரை மணி நேரம். அன்று சூலியா தெருவைப் பற்றி எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் பேசினார், ஹாஜியார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். காதர் முகைதீன் என்ற வணிகர், கப்பித்தான் கிளிங் என்று பெயர் பெற்றவர், 1801-ல் பள்ளிவாசல் தொடங்கியதிலிருந்து நாகூர் தர்காவின் நினைவாக இங்கே ஒரு தர்கா எழும்பியது வரை சொன்னார். குயின் ஸ்த்ரீட் மகா மாரியம்மன் கோவில் 1833, அதற்கும் இதற்கும் நடந்து போகிற தூரம்தான் என்றும் சொன்னார். அவர் தமிழ் காதுக்கு இதமாக இருந்தது, கரையோரத் தமிழும் பினாங்கு மலாயும் கலந்து வரும். நாசி கண்டார் என்ற பெயரே இரண்டு கூடையைக் காவடி போலத் தோளில் கட்டித் தூக்கி விற்றதிலிருந்து வந்தது, கண்டார் என்பது அந்தக் காவடிக் கம்புதான் என்று அவர் விளக்கியபோது, கடைக்குள் துணி எடுக்க வந்த மலாய்ப் பெண் என்ன சொல்கிறார் என்று கேட்டாள், மொழிபெயர்த்துச் சொன்னேன், அவளும் நின்று கேட்டாள். குறை ஒன்று உண்டு. ஹாஜியாரின் மைக் தூரத்தில் இருந்தது, அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது, அறிவிப்பாளர் குரல் மட்டும் காதை அடைத்தது. முன்னதாக ஒரு நிமிடம் சோதித்துப் பார்த்தால் தீருகிற விஷயம்.

ஆறு மணிக்குத் தொழிலாளர் நேரம். சட்டம் தெரிந்த ஒருவர் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறார். காவல் வேலை செய்யும் ஒரு ஐயா, பன்னிரண்டு மணி நேர வேலை, சம்பளச் சீட்டே கொடுப்பதில்லை, கேட்டால் ஆள் மாற்றிவிடுவோம் என்கிறார்கள் என்றார். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்ல விடவில்லை, அது சரிதான். குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, 2025 பிப்ரவரியிலிருந்து ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஆகஸ்ட் 1-லிருந்து மற்றவர்களுக்கும் அது பொருந்தும், சீட்டுக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை, வேலைக்குப் போன நேரம் வந்த நேரத்தை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள் என்று படிப்படியாகச் சொன்னார். என்ன நோட்டு, எப்படிக் கோடு போடுவது என்று அந்த ஐயா கேட்க, அதையும் பொறுமையாகச் சொன்னார். பிறகு வீட்டுப் பெண்களுக்கு 2022 டிசம்பரிலிருந்து பெர்கேசோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) தனித் திட்டம் இருக்கிறது, 55 வயதுக்குள் இருந்தால் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம் என்றும் சொன்னார்கள். என் கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அன்றிலிருந்து அளவு எடுக்கும்போதே நான் சொல்லிவிடுகிறேன்.

இரவு எட்டே காலுக்கு வந்ததைச் சொல்லத்தான் உண்மையில் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன். தோட்டத்துக் கதை. செபராங் பிறையில் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டிய ஒரு பாட்டியை அழைத்து வந்திருந்தார்கள். பேட்டி எடுத்த பெண் மூன்று கேள்விதான் கேட்டிருப்பாள், மீதி நேரம் பாட்டிக்கு விட்டுவிட்டாள், இந்த நிலையத்திலேயே கேட்கத் தெரிந்த ஆள் அவள்தான். விடியும் முன் பெரட்டு, பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைய சம்பளம் போச்சு. கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரையில் இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் ஓடும், ஏறிவிட்டால் மரம் பாலைப் பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் கோட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பாலை உரித்து இடுப்புப் பையில் போட வேண்டும், அதற்கும் எடை உண்டு. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை சரியாக வராது, தோட்டத்துக் கணக்கர் கிராணி வந்து பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பார்.

எவ்வளவு மெல்லிசு என்று அந்தப் பெண் கேட்டாள். பாட்டி யோசித்தார். "ஒன் முந்தானை ஓரம் மடிக்கிறாங்கல்ல, அம்புட்டுத்தான்" என்றார். என் விரலுக்கு நடுவில் அப்போது முந்தானை ஓரம்தான் இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அந்த மடிப்பைப் பிடித்துப் பார்த்தேன். இருட்டில், ஒரு நெற்றி விளக்கில், கொசுக்கடியில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரத்தில் அந்த அளவுக்குச் சீவியிருக்கிறார்கள். என் அம்மாவும் பால்வெட்டுக்காரிதான், அவர் இதை ஒரு நாளும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மழை நாளில் வேலை இல்லை, சம்பளமும் இல்லை, அன்றைக்கு லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பெண்கள் சேர்ந்து பால் பிடிக்கும் மங்கு கழுவிக்கொண்டே பாடிய பாட்டு என்று பாட்டி நான்கு வரி முனகினார். யாரும் எழுதி வைக்காத பாட்டு. குரல் உடைந்தது, தண்ணீர் குடித்தார், டம்ளர் மேசையில் வைக்கும் சத்தம்கூட வந்தது, வெட்டாமல் விட்டிருந்தார்கள். தோட்டம் விற்றபோது என்ன கொடுத்தார்கள், எங்கே போனீர்கள் என்ற பகுதிக்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாடகமும், பத்து மணிக்கு மேல் வந்த பழைய பாடல்களும் நன்றாகவே இருந்திருக்கும், நான் சரியாகக் கேட்கவில்லை. நாடகத்தில் கதவு சாத்தும் சத்தம் நிஜக் கதவு போல இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பதினொன்றரைக்கு மறுபடியும் கணினி ஓட்ட ஆரம்பித்தது, பன்னிரண்டுக்கு நான் ஸ்பீக்கரை அணைத்தேன். பதினேழு பிளவுஸ் முடிந்திருந்தது.

நிலையத்தாரிடம் மூன்றே மூன்று வேண்டுகோள். மதியச் செய்தியை எடுத்துவிடுங்கள். முதியவர்கள் பேச வரும்போது மைக்கை அவர்கள் வாய்க்குக் கிட்டே வையுங்கள். தோட்டத்துக் கதையைப் பதிவு செய்து ஆப்பில் போடுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், இப்போது அது ஒருமுறை ஒலித்தால் போய்விடுகிறது, மறுபடி கேட்க வழியே இல்லை. எந்தப் பாட்டியும் இரண்டாம் முறை அதே மாதிரி சொல்லமாட்டார். ஆப் போடத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை, பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள், காலை ஏழு மணிக்குத் தானாகத் திறக்கிற மாதிரி அலாரத்தில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், என் மாமியாருக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாட்டி பேசியதன் இரண்டாம் பகுதி வருகிற சனிக்கிழமை, அதே எட்டே கால். முதல் பகுதியை நான் இன்னொரு போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பிடித்து வைத்திருக்கிறேன், 41 நிமிடம், முதல் கொஞ்ச நேரம் என் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கும், முந்தானை ஓரம் என்று பாட்டி சொன்ன இடத்துக்குப் பிறகு கேட்காது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ யாராவது கேட்க வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், உட்கார ஸ்டூல் இருக்கிறது.